புகார்ப் பெட்டியின் சாவி யார் கையில்?



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்களைத் துன்புறுத்திய ஒரு ஆள் மேல நீங்க புகார் கொடுக்கணும். ஆனா அந்தப் புகார் அதே ஆளோட கை வழியாத்தான் போகணும்னு இருந்தா, அது போய்ச் சேருமா?

"இது என்னங்க கேள்வி, கிழிச்சுப் போட்டுடுவானே" என்பீர்கள். அப்படித்தான் நடந்தது என்று அமெரிக்காவில் ஒரு கைதி வழக்குப் போட்டார். மிச்சிகன் மாநிலச் சிறையில் இருந்தவர். வழக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூன் 18 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கின் பெயர் பெர்ட்டு எதிர் ரிச்சர்ட்ஸ். அமெரிக்கச் சிறை வழக்கை எதுக்கு இங்க பேசணும்னு கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நம்ம ஊருக்கும் வருகிறேன்.

அந்தக் கைதியின் குற்றச்சாட்டு இதுதான். சிறை ஊழியர் ஒருவர் தனக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார். அதைப் பற்றிப் புகார்ப் படிவம் எழுதினால், அந்த ஊழியரே அதை அழித்துவிட்டார். இன்னொரு புகார் கொடுத்தால் கொன்றுவிடுவேன் என்றும் மிரட்டினார். குறை சொல்லும் உரிமை அரசியல் சாசனம் கொடுத்தது, அதைப் பயன்படுத்தியதற்காக என்னைப் பழிவாங்குகிறார்கள் என்பது வழக்கு.

அதற்கு அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? "நீ கோர்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி சிறைக்குள்ள புகார் கொடுத்து, எல்லாப் படியும் ஏறி முடிச்சிருக்கணும். நீ முடிக்கலை. அதனால வழக்கு செல்லாது."

பார்த்தீங்களா கணக்கை? புகாரைக் கிழித்தார்கள் என்பதுதான் வழக்கே. புகார் வந்து சேரவில்லை என்பதுதான் வழக்கைத் தள்ளுவதற்கான காரணமும். கிழித்ததாகச் சொல்லப்பட்டவருக்கே அந்தக் கிழிப்பு கேடயமாகிவிட்டது.

இந்தப் பொறி வானத்தில் இருந்து விழுந்ததில்லை. 1996-இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டம் வைத்த பொறி. சிறைக்குள் இருக்கிற குறைதீர் முறையை முழுதாக முடிக்காமல் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வரக்கூடாது என்பது அதன் முக்கிய விதி. அதை இன்னும் இறுக்கி 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அப்போது கலிஃபோர்னியாவில் புகார் கொடுக்க 15 வேலை நாள் கெடு இருந்தது. கெடு தாண்டிக் கொடுத்தால் கொடுக்காத மாதிரிதான், கோர்ட் கதவும் மூடியாச்சு என்றது அந்தத் தீர்ப்பு.

இதோடு முடியவில்லை. உடலில் காயம் இல்லாமல் மனவேதனைக்கு மட்டும் இழப்பீடு கேட்க முடியாது என்று 1996-இல் அந்தச் சட்டம் விதி வைத்தது. ஏழைக் கைதியும் வழக்குக் கட்டணத்தைத் தவணையாகக் கட்டியே ஆகணும். கைதிக்காக வாதாடி ஜெயிக்கிற வக்கீலுக்குக் கிடைக்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு. வழக்குப் போடாதே என்று சட்டம் வாயால் சொல்லவில்லை. போட முடியாத மாதிரி செய்து வைத்தது.

இப்படி ஒரு சட்டம் எப்படி நிறைவேறியது? இங்கேதான் இணையத்தில் வேலை செய்கிற தோழர்கள் காது கொடுத்துக் கேட்கணும். ஒரு கேலிதான் அதற்குப் பெரிய அளவில் துணை நின்றது.

"நிலக்கடலை வெண்ணெய் நைசா இல்லாம மொறுமொறுன்னு இருக்குன்னு ஒரு கைதி கேஸ் போட்டிருக்கான் பாருங்க, நம்ம வரிப்பணம் இப்படித்தான் போகுது" என்று ஒரு கதையைச் சொல்லிச் சொல்லியே சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார்கள். சிரிப்பு வருதா இல்லையா? எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஜான் நியூமன் என்ற மேல்முறையீட்டு நீதிபதி அந்த வழக்குக் கட்டையே எடுத்துப் படித்துவிட்டு எழுதினார். நடந்தது வேறு. அந்தக் கைதி சிறைக் கேன்டீனில் காசு கொடுத்து இரண்டு பாட்டில் கேட்டார். ஒன்று தப்பான வகை வந்தது, திருப்பிக் கொடுத்தார். மாற்றுப் பாட்டில் வருவதற்குள் வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பொருளும் வரவில்லை, கணக்கில் எடுத்த இரண்டரை டாலரும் திரும்பவில்லை. அவர் கேட்டது அந்தக் காசை.

இரண்டரை டாலர் நமக்குச் சில்லறை. சிறைக்குள் இருப்பவனுக்கு அது சில்லறை இல்லை. சரி, அது பெரிய வழக்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தச் சிரிப்பை வைத்து நிறைவேற்றிய சட்டம், பாலியல் தொல்லைக்கு ஆளானேன் என்று வந்த ஆளையும் சேர்த்துத்தான் வாசலில் நிறுத்தியது.

பழிவாங்கல் என்றால் லத்தியால் அடிப்பது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1998-இல் அங்கே உச்ச நீதிமன்றம் முடிவு செய்த இன்னொரு வழக்கு இருக்கிறது. வாஷிங்டன் நகரக் கைதி ஒருவர் பத்திரிகையாளரிடம் பேசினார், வழக்குகள் போட்டார். பிறகு அவரை ஊர் ஊராக மாற்றினார்கள். வழக்குக் காகிதங்கள் இருந்த பெட்டிகள் அவர் போன இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு அதிகாரி வேண்டுமென்றே செய்தார் என்பது அவர் வழக்கு. ஒரு அடி விழவில்லை, ரத்தம் இல்லை. ஆனால் காகிதம் இல்லாமல் வழக்கை எப்படி நடத்துவது? தினமும் சிறையில் இருப்பவனுக்குத் தெரியும், பழிவாங்க ஆயிரம் வழி உண்டு. செல் மாற்றலாம். குடும்பம் வர முடியாத தூரத்துச் சிறைக்கு அனுப்பலாம். ஒழுங்கு மீறினான் என்று ஒரு சீட்டு எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகக் காரணம் தயாராக இருக்கும்.

அதனால்தான் பழிவாங்கல் வழக்கை நிரூபிப்பது கஷ்டம். அமெரிக்க நீதிமன்றங்கள் மூன்று விஷயம் கேட்கின்றன. சட்டம் பாதுகாக்கிற ஒரு செயலைக் கைதி செய்தாரா? சாதாரண மன உறுதி உள்ள ஒருவர் பயந்து பின்வாங்கும் அளவுக்கு அதிகாரி ஏதாவது செய்தாரா? முதலாவதுதான் இரண்டாவதுக்குக் காரணமா? மூன்றாவதில்தான் முடிச்சு. அதிகாரியின் மனதுக்குள் இருப்பதை வெளியே எடுத்துக் காட்டணும். அந்த 1998 வழக்கில் கீழே இருந்த நீதிமன்றம் வழக்கத்தை விடக் கடுமையான சாட்சியம் வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை மறுத்தது.

சரி, 2025 தீர்ப்புக்கு வருவோம். புகாரைக் கிழித்தது உண்மையா பொய்யா என்று யார் முடிவு செய்வது? நீதிபதி தனியாக முடிவு செய்யலாமா, ஜூரி செய்யணுமா? இதுதான் கேள்வி. கீழே விசாரித்த நீதிபதி, கைதி தரப்புச் சாட்சிகளை நம்ப முடியவில்லை என்று ஜூரி வருவதற்கு முன்பே முடித்துவிட்டார். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. புகார்ப் படியை முடித்தாரா என்ற கேள்வியும் வழக்கின் மையக் கேள்வியும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தால், ஜூரிதான் முடிவு செய்யணும் என்றது. இதுவும் ஐந்துக்கு நான்குதான். சட்டத்தில் ஜூரி பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே, நாம் எப்படிச் சேர்ப்பது என்பது மாற்றுக் கருத்து சொன்ன நால்வரின் வாதம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். அந்த ஊழியர் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. அவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல முழு உரிமை உண்டு. சிறை வேலை ஆபத்தான வேலை, பொய்ப் புகாரும் வரத்தான் செய்யும். அதனால்தான் விசாரணை வேணும்னு கேட்கிறோம். பொய் எது உண்மை எது என்று தெரிய வேண்டுமானால் காகிதம் முதலில் மேசைக்கு வரணும் இல்லையா?

இதே மிச்சிகனில் 1941-லேயே இந்தப் பாடம் சொல்லப்பட்டது. ஒரு கைதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். அதிகாரிகள் அனுப்ப மறுத்தார்கள். அப்பா மூலம் வெளியே கொடுத்து அனுப்பப் பார்த்தார், அதையும் பிடுங்கிவிட்டார்கள். மனு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை, சிறை நிர்வாகத்தின் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த விதியையே செல்லாது என்றது. அந்தக் கைதியின் மனு கடைசியில் தோற்றது. ஆனால் வாசல் திறந்தது. அதன்பின் 84 வருஷம் கழித்தும் அதே மாநிலத்தில் அதே சண்டை!

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன்.

1979-இல் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்காக எழுதவில்லை. இன்னொரு கைதியைப் பணம் கேட்டுத் தலைமை வார்டர் கொடூரமாகச் சித்திரவதை செய்கிறார் என்று எழுதினார். கட்டணம் இல்லை, முறையான மனு இல்லை, வெறும் கடிதம். அதையே வழக்காக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். அந்த டிசம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் இரண்டு உத்தரவுகள் இன்றைக்கும் நமக்கு முக்கியம்.

ஒன்று, சிறைக்குள் புகார்ப் பெட்டி வைக்கணும், ஆனால் அது மாவட்ட நீதிபதி, மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருக்கணும், எல்லாக் கைதிக்கும் அது எட்டணும். இரண்டு, தனிச் சிறை போன்ற தண்டனையை அதிகாரி தன் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது, செஷன்ஸ் நீதிபதி பார்வைக்குப் போகணும், அவசரம் என்றாலும் இரண்டு நாளுக்குள் தகவல் சொல்லணும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது, புகார் கிழிபடாமல் இருக்க. இரண்டாவது, புகார் கொடுத்தவன் அடிபடாமல் இருக்க. பெட்டியின் சாவி, புகாருக்கு ஆளானவன் இடுப்பில் தொங்கக் கூடாது. அவ்வளவுதான் தத்துவம். அமெரிக்காவின் 1996 சட்டம் சிறைக்குள் இருக்கிற படியில் ஏறிட்டு வா என்றது. நம்ம 1979 தீர்ப்பு, பெட்டியையே வெளியில் இருக்கிற நீதிபதி கையில் கொடு என்றது.

தீர்ப்பு இருக்கு. பெட்டி இருக்கா? திறக்கிறார்களா? யார் திறக்கிறார்கள்? இதைக் கேட்க வேண்டியது நம்ம வேலை.

வழக்கறிஞர் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டச் சிறையில் அந்தப் பெட்டி இருக்கிறதா, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். நேர்காணலுக்குப் போகிற குடும்பங்களுக்கு இந்த உரிமை இருக்கிறது என்று சொல்லுங்கள். நிறைய அம்மாக்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், "கேட்டா உள்ள இருக்கிற பையனை எதாவது செஞ்சிடுவாங்களோ" என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்தின் பெயர்தான் பழிவாங்கல். அதைப் போக்கக் கூட ஒரு ஆள் நிற்கணும்.

இணையத் தோழர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை "கைதி பிரியாணி கேட்டு கேஸ் போட்டான்" என்று ஒரு மீம் உங்கள் கைக்கு வந்தால், பகிர்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த மனுவில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கடலை வெண்ணெய்ச் சிரிப்பு ஒரு சட்டமாக மாறி, முப்பது வருஷமாக ஆயிரக்கணக்கான மனுக்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழி நம்ம பக்கத்தில் இருந்து வரக் கூடாது.

தண்டனை கொடுப்பது நீதிமன்றம். அதற்கு மேல் ஒரு தண்டனை கொடுக்க எந்தச் சீருடைக்கும் உரிமை இல்லை. உள்ளே இருப்பவன் எழுதுகிற காகிதம் பத்திரமாக வெளியே வருகிறதா என்று வெளியே இருக்கிற நாம்தான் பார்க்கணும்.

பார்ப்போம், தோழர்களே.