முப்புரிக் கயிறு: அறிஞர் ஜி.என். இராமச்சந்திரன்



கவிதைக்கென்று கூடிய ஓர் அவையில், பத்தாம் ஆண்டு நிறைவு நாளில், உயிர் இயற்பியலறிஞர் ஒருவரைப் பற்றிய உரை எதற்கு என்ற வினா எழுதல் இயல்பே. அதற்குரிய விடை நரிக்குடி மண்ணிலேயே இருக்கின்றது. இந்த வறண்ட சீமையில் பனைநாரும் கற்றாழை நாரும் கொண்டு கயிறு திரித்த கைகள் எத்தனையோ. திரிப்பவர் ஒவ்வொரு புரியையும் முதலில் ஒரு பக்கமாக முறுக்குவார். மூன்று புரிகளையும் ஒன்றாகச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார். ஒரே பக்கமாக முறுக்கிய கயிறு கையை விட்டதும் பிரிந்துவிடும். எதிரெதிர் முறுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எழுதப் படிக்க அறியாதவரும் அறிந்த இந்த நுட்பம், மனிதனின் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இயற்கை கையாண்டிருக்கும் நுட்பம் என்பதை 1950களில் சென்னையிலிருந்து உலகுக்கு அறிவித்தவர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன். (பேச்சு வழக்கில் 'கயிறு திரிப்பது' என்றால் பொய் சொல்வது. அவர் திரித்த கயிற்றையும் சிலர் முதலில் அப்படித்தான் ஐயுற்றனர். அந்த வழக்கைப் பின்னர்க் காண்போம்.)

1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில், கணிதப் பேராசிரியர் ஒருவரின் மகனாக, தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து 1942இல் தேறினார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தவரை, இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி.வி. இராமன். இத்தகைய கூர்மதியாளர் உம்முடைய துறைக்கு மிகையானவர் என்னும் பொருள்பட மின்பொறியியல் தலைவரிடம் இராமன் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகின்றது. படிகங்களின் ஒளியியலிலும் ஊடுகதிர் ஆய்விலும் இராமனிடம் பயின்று, 1947இல் கேம்பிரிட்ஜ் சென்று, வூஸ்டர் என்பாரிடம் ஆய்வு செய்து 1949இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். அங்கே லினஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்டது அவர் மனத்தில் ஒரு வித்தாக விழுந்தது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர் பொறுப்பு வந்தபோது அவருக்கு வயது முப்பது. துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். ஒரு துறையைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டிய நிலை. மேலைநாட்டு ஆய்வகங்களின் வசதிகளுடன் ஒப்பிடத்தக்க கருவிகள் இல்லை. அப்போது சென்னை வந்த ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சுட்டிச் சென்றார். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதுவே. அடையாற்றின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த மாதிரி கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அதன் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்தார். தோல் பதனிடும் தொழிலும் அணுவின் ஆராய்ச்சியும் ஒரே தெருவில் சந்தித்தது போன்ற நிகழ்ச்சி அது.

கொலாஜனில் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் மூன்றில் ஒரு பங்கு உள்ளது. இதனைத் தற்செயல் என்று இராமச்சந்திரன் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் நிற்க வேண்டும். மூன்று சங்கிலிகள் அருகருகே சேரும்போது நடுவில் இடம் மிகக் குறைவாதலின், அங்கே சிறியவரே அமர முடியும். 1954இல் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலிகளின் அமைப்பு வெளிவந்தது. அது முழுமையன்று என்று உணர்ந்து, மூன்றும் ஒன்றையொன்று சுற்றிப் புரியாக முறுக்கிக்கொள்ளும் திருத்தத்தை 1955இல் வெளியிட்டார். ஒவ்வொரு சங்கிலியும் இடமாக முறுகும். மூன்றும் சேர்ந்து வலமாக முறுகும். நம் கயிறு திரிப்பவரின் விதி அப்படியே.

இங்குதான் வழக்கு மூண்டது. அதே ஆண்டில் ரிச், கிரிக் ஆகிய இருவரும் சென்னை அமைப்பில் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன என்றனர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மும்மைக்கு இரண்டன்று, ஒன்றே என்றனர். கிரிக் அப்போதே டி.என்.ஏ. அமைப்பால் புகழ் பெற்றவர். சென்னையின் குரலுக்கு எதிர்க்குரல் அது. இந்தப் பகுதியைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் மழுப்பிவிடுகின்றன, மழுப்பத் தேவையில்லை. முப்புரி என்னும் அடிப்படை சென்னையில் கண்டது. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதில் எதிர்த்தரப்பே சரியாக இருந்தது. இரண்டாம் பிணைப்பு நீர் மூலக்கூறின் வழியாக அமையலாம் என்று 1968இல் இராமச்சந்திரனும் அவர் மாணவரும் எழுதினர். 1994இல் கொலாஜனை ஒத்த பெப்டைடு ஒன்றின் படிகம் நுணுக்கமாக ஆராயப்பட்டபோது முப்புரி உறுதியாயிற்று; அதனைச் சூழ்ந்து நீர் மூலக்கூறுகள் நின்றதும் தெரிந்தது.

தோல்வி போல் தோன்றிய அந்த எதிர்ப்பிலிருந்தே அவருடைய பெரும்படைப்பு பிறந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எங்கே மோதும் என்ற வினாவை ஒரு புரதத்தோடு நிறுத்தாமல் எல்லாப் புரதங்களுக்கும் பொதுவாக எழுப்பினார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் மேசைக் கணிப்பொறியைக் கொண்டே கணக்கிட்டு 1963இல் வெளியிட்டதே 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் வழங்குவது.

இதனைக் கவிஞர்களுக்கு விளக்குதல் எளிது. வெண்பாவில் சீர்கள் தம் விருப்பப்படி அடுத்தடுத்து நிற்க இயலாது. மாமுன் நிரை வரலாம். விளமுன் நேர் வரலாம். காய்முன் நேர் வரலாம். மற்றவை தளை தட்டும். புரதச் சங்கிலியிலும் ஒவ்வொரு பெப்டைடு அலகும் சீர் போல விறைப்பாக, தட்டையாக நிற்கும். இரண்டு அலகுகள் கூடும் இடத்தில் மட்டும் ஃபை, சை என்னும் இரண்டு கோணங்களில் சுழற்சி உண்டு. ஒரு கோணத்தைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்துக் கட்டம் போட்டு, அணுக்கள் மோதாத இடங்களை மட்டும் குறித்தால், பெரும்பகுதி விலக்கப்பட்டு வெறுமையாகவே கிடக்கும். சில தீவுகள் மட்டும் எஞ்சும். புரதம் வாழ்வது அத்தீவுகளில். பக்கக் கிளையற்ற கிளைசினுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு தளரும். இன்றும் உலகில் எங்கேனும் ஒரு புரதத்தின் அமைப்பு ஆய்வில் கிடைத்தால், அது சரியா என்று இந்த வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர். தளை தட்டுகிறதா என்று அலகிட்டுப் பார்க்கும் அதே வேலைதான்.

கட்டுப்பாடு படைப்பைக் கொல்லும் என்போர் நம் கவியரங்குகளில் பலர். அவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை காண வேண்டும். அத்தனை சிறிய இடத்திற்குள்தான் கண்வில்லையும் குருதியின் சிவப்பும் செரிமான நொதிகளும் இயற்றப்பட்டுள்ளன.

1971இல் ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் எழுதிய கட்டுரை வேறொரு துறையில் விளக்கேற்றிற்று. பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர் நிழல்களிலிருந்து உள்ளுறுப்பின் வடிவத்தை மீட்டெடுக்கும் எளிய கணித வழி அது. அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் 'ஸ்கேன்' எடுக்கச் செல்லும் நம் ஊரார் அறியார். அந்தக் கருவிகளின் கணிப்புமுறை நூல்களில் இருவர் பெயராலும் ஒரு வடிப்பான் இன்றும் வழங்குகின்றது.

1970இல் அவர் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்றார். 18 ஆண்டுகள் அவர் வளர்த்த துறை நிலைத்தது. ஆயினும் அவர் போனது தமிழகத்திற்குப் பேரிழப்பே. பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கி வைத்தார். 1977இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் புலம்புவதை நாம் நிறுத்திக்கொள்ளலாம். பரிசைப் பற்றிப் பேசும் வாய்கள் அந்த வரைபடத்தை ஒரு முறையேனும் தமிழில் விளக்கியிருந்தால் அதுவே அவருக்குச் சிறப்பு.

ஆய்வுக்கு வெளியே அவர் மனம் இந்திய இசையிலும் மேலை இசையிலும் தோய்ந்தது. அதனினும் ஆழமாக இந்திய மெய்யியலில் தோய்ந்தது. பிற்காலத்தில் அவர் உழைத்தது 'ஸ்யாத் நியாயம்' என்று தாம் பெயரிட்ட அளவையியலில். 'ஒருவாற்றான் உண்டு, ஒருவாற்றான் இல்லை' என்று ஒரு பொருளைப் பல நோக்கில் காணும் சமணரின் ஸ்யாத்வாதத்தை எடுத்து, மெய், பொய், ஐயம், இயலாமை என்னும் நான்கையும் ஒன்று, சுழி ஆகிய எண்களின் இணைகளாக எழுதினார். மெய்க்கு ஒன்றும் சுழியும். பொய்க்குச் சுழியும் ஒன்றும். ஐயத்திற்கு இரண்டிடத்தும் ஒன்று. இயலாமைக்கு இரண்டிடத்தும் சுழி. அறிவியலுலகம் இதனை அவருடைய பொழுதுபோக்கென்றே பெரிதும் ஒதுக்கிற்று. தமிழ் மாணவர் அப்படி ஒதுக்க இயலாது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பக்கமும் ஏதுவும் எடுத்துக்காட்டும் அவற்றின் போலிகளும் வரிசையாக ஆராயப்படுவதையும், நீலகேசியில் சமணம் பிற சமயங்களோடு வாதிடுவதையும் பாடமாகப் படித்தவர்கள் நாம். அந்தப் பகுதிகளை வறண்டவை என்று தாண்டிச் செல்லும் வகுப்பறைகளே மிகுதி. கிரிக்கோடு வழக்காடிய ஓர் இயற்பியலறிஞர், தம் வழக்கில் ஒரு பாதி சரி, ஒரு பாதி சரியன்று என்று கண்டவர், மெய்க்கும் பொய்க்கும் இடையே ஐயத்திற்கும் ஓர் எண்ணைத் தேடினார் என்பது வெறும் பொழுதுபோக்காகப் படவில்லை.

1998இல் மனைவி இராஜலட்சுமி மறைந்தார். படிகவியலின் உயரிய ஈவால்ட் பரிசு 1999இல் வந்தபோது அவர் உடல் மிகத் தளர்ந்திருந்தது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில், தாம் கயிறு திரித்த ஊரிலேயே, காலமானார்.