கொழுத்த எலி, சிறுத்த மூளை



சாதாரணச் சுண்டெலி ஒன்று 25, 30 கிராம்தான் இருக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949-இல் அங்கே வளர்ந்த எலிகளில் சில, எவ்வளவு தின்றாலும் பசி அடங்காமல் ஊதிக்கொண்டே போயின. அந்த வம்சத்து எலி மற்ற எலிகளைப்போல 3 மடங்கு எடைகூடப் போடும். தீனியில் கோளாறில்லை, கோளாறு மரபணுவில்.

அது எந்த மரபணு என்று தெரிய 1994 ஆகிவிட்டது. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அதைப் பிடித்தது. உடம்புக் கொழுப்பே சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், 'கையிருப்பு போதும்' என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. இந்த எலிகளுக்கு அது சுரப்பதே இல்லை. உடம்பெல்லாம் கொழுப்பு, மூளைக்கோ பட்டினிச் செய்தி!

எனக்கு வியப்பு அதில் இல்லை. இந்தக் குண்டு எலியின் மூளையை எடுத்துத் தராசில் வைத்தால், ஒல்லி எலியின் மூளையைவிட எடை குறைவாக இருக்கிறது. மேற்புறணியும் சிறுத்திருக்கிறது. லெப்டினுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே, 1970-களின் கடைசியிலேயே, இதை அளந்துவிட்டார்கள். காரணம்தான் பிடிபடவில்லை.

2004-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் செபாஸ்டியன் பூரேயும் ரிச்சர்ட் சிமர்லியும் எலிக்குஞ்சுகளின் ஹைப்போதலாமஸைப் பார்த்தார்கள். பசியைக் கவனிக்கும் பகுதி அது. அங்கே ஒரு நரம்புக் கொத்திலிருந்து இன்னொன்றுக்கு, பிறந்த முதல் சில வாரங்களில் இழைகள் படர வேண்டும். லெப்டின் இல்லாத குஞ்சுகளில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. நல்ல குஞ்சுகளுக்கு இரண்டாம் வாரத்தில் லெப்டின் திடீரென்று பொங்கி எழும். ஆனால் அப்போது அது பசியைத் தொடுவதில்லை, பால் குடிப்பதும் குறைவதில்லை. பசியடக்கி என்று நாம் நினைத்த சரக்கு, அந்த வயதில் கொத்தனார் வேலை பார்க்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, பருமனாக இருப்பவர்களின் மூளையைப் பற்றி யாரும் கணக்குப் போட வேண்டாம். மனிதரில் இந்த மரபணுக் குறை மிக அரிது. பருமனான பெரும்பாலோர் இரத்தத்தில் லெப்டின் தாராளமாகவே இருக்கிறது.

குறையுள்ள குஞ்சுக்குப் பிறந்த சில நாட்களிலேயே லெப்டின் ஊசி போட்டபோது, இழைகள் ஒழுங்காகப் படர்ந்தன. வளர்ந்த எலிக்குப் போட்டால் தீனி குறைகிறது, உடம்பும் இளைக்கிறது. மூளையில் அந்த இழைகள் மட்டும் பழையபடி இடைவெளி விட்டே கிடக்கின்றன.