அம்மாவின் நிறம்



இன்று உங்கள் தட்டில் இருக்கும் பிஸ்கட் முகங்களைச் செய்தவர்கள் நம் பிள்ளைகள்தான். முதல் நாள் ஒரு சிறுமி, பால்மரம் வெட்டும் தன் அம்மாவின் முகத்துக்கு இளஞ்சிவப்பு ஐசிங் பூசினாள். "அம்மா இந்தக் கலரா?" என்றேன். "இதுதானே டீச்சர் தோல் கலரு?" என்றாள்.

அவளைக் குறை சொல்லலாமா? அமெரிக்காவின் கிரயோலா வண்ணக் குச்சிகளில் அந்த நிறத்துக்குச் 'சதை நிறம்' என்றுதான் பெயர் இருந்தது. 1962-இல்தான் 'பீச்' என்று மாற்றினார்கள். 2020-இல் மனிதத் தோலுக்கென்றே 24 நிறங்கள் வெளியிட்டார்கள்.

நமக்கு மூன்று நிறம் போதும். வெள்ளை ஐசிங்கில் சிவப்பு, மஞ்சள், கொஞ்சம் நீலம் கலந்தால் பழுப்பு வரும். மாநிறத்துக்கு மஞ்சளைக் கூட்டுங்கள். கறுப்புக்குக் கொக்கோத் தூள் சேருங்கள். காயக் காய நிறம் கூடும். ஆகவே சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

அந்தச் சிறுமி மறுபடி கலந்தாள். தன் கையைக் கிண்ணத்தருகே வைத்துப் பார்த்தாள். "எங்கம்மா மாதிரியே வந்திருச்சு டீச்சர்!" என்றாள்.

பெற்றோர்களே, "வெயில்ல போகாதே, கறுத்துப் போயிடுவே" என்று இனி சொல்லாதீர்கள். அந்த வெயிலில் உழைத்துத்தானே நம்மைப் படிக்க வைத்தார்கள்!