எல்லாக் கட்டியும் ஒன்றல்ல



ஒரு வீட்டில் பதினைந்து வயதுப் பையன். முழங்கால் வலிக்கிறது என்கிறான். "விளையாடும்போது அடிபட்டிருக்கும்" என்கிறார் அப்பா. பாட்டி எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறார். பிறகு கட்டுப் போடுகிறார்கள். மாதங்கள் ஓடுகின்றன. வலி இரவிலும் விடவில்லை. வீக்கம் பெரிதாகிறது. எத்தனையோ வீடுகளில் இப்படி நடக்கிறது.

அடிபட்ட வலி நாளாக நாளாகக் குறையும். குறையாமல் கூடினால், அது எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

எலும்பு, தசை, கொழுப்பு, இரத்தக் குழாய் போன்றவற்றில் உண்டாகும் புற்றுநோய்க்கு சார்கோமா என்று பெயர். இது அரிதான நோய். புற்றுநோய் வந்த பெரியவர்கள் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இது இருக்கும். குழந்தைகளிடம் இதன் பங்கு அதிகம். இது தொற்றுநோய் அல்ல.

இதில் 70-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். ஒன்று எலும்பில் வருவது. வளரும் பிள்ளைகளுக்கு இது முழங்காலை ஒட்டியே அதிகம் வருகிறது. மற்றொன்று சதையில் வருவது. தொடை, கை, வயிறு என எங்கும், எந்த வயதிலும் வரலாம். முதலில் பெரும்பாலும் வலிக்காது. "வலி இல்லையே" என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக் கட்டிகளே. ஆனால் கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? வளர்கிறதா? ஆழத்தில் இருக்கிறதா? எடுத்த இடத்திலேயே மீண்டும் வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவர் முதலில் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுப்பார். பிறகு ஊசியால் கட்டியில் சிறு துண்டு எடுப்பார். அதை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் என்ன வகை என்று தெரியும். வகை தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தர முடியும். "ஊசி பட்டால் நோய் பரவும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அனுபவம் உள்ளவர் முறையாக எடுத்தால் பயம் வேண்டாம்.

சோதிக்காமல் கட்டியை அறுத்து எடுப்பதுதான் ஆபத்து. நோயின் மிச்சம் உள்ளே தங்கிவிடும். மறுபடியும் பெரிய அறுவை செய்ய நேரும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால், காலை எடுக்காமலே பலரைக் குணப்படுத்த முடிகிறது. அந்தப் பையனும் மீண்டும் நடந்து பள்ளிக்குப் போகலாம்.

ஆகவே, சந்தேகமான கட்டியை நீவ வேண்டாம். சோதிக்காமல் அறுக்கவும் வேண்டாம். முதலில் சோதனை, பிறகு சிகிச்சை!