ஆடைத் தொழிலில் ஊதியம்: ஒப்பீடும் சொற்பொருளும்



ஆடைத் தொழிலாளரின் ஊதியத்தைப் பற்றி மொழியியலார் பேசுவதற்கு என்ன உண்டு என்று தங்களுக்குத் தோன்றலாம். சொல் உண்டு. நாடுகளின் ஊதிய நிலையை ஒப்பிடும் கட்டுரைகளில் ‘ஊதியம் உயர்ந்தது’ என்று படிக்கிறோம். அத்தொடர் எப்பொருளில் வழங்குகிறது என்பதையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

திருக்குறள் உடலுழைப்பின் பயனைக் ‘கூலி’ என்றும், முதலால் விளையும் ஆதாயத்தை ‘ஊதியம்’ என்றும் குறிக்கிறது. இன்றோ முதல் இல்லாதவர் உழைத்துப் பெறுவதும் ஊதியமே. சொல் உயர்ந்துவிட்டது, அது குறிக்கும் பொருளும் உயர்ந்ததா?

வங்காளதேசத்தையும் கம்போடியாவையும் ஒப்பிடுவோம். வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 டாக்காவாக உயர்த்தப்பட்டது. 2018-இல் அது 8,000 ஆயிற்று. 2023-இல் 12,500 ஆயிற்று. கம்போடியாவில் அவ்வூதியம் அமெரிக்க டாலரில் வரையறுக்கப்படுகிறது. அங்கு 2018-இல் 170 டாலர். 2023-இல் 200 டாலர்.

இந்த ஐந்தாண்டுகளில் வங்காளதேச ஊதியம் நூற்றுக்கு 56 உயர்ந்தது. கம்போடிய ஊதியம் நூற்றுக்கு 18 மட்டுமே. எனினும் டாக்காவின் மதிப்பு அதே காலத்தில் சரிந்தது. அந்தந்த ஆண்டின் மாற்று விகிதப்படி வங்காளதேச ஊதியம் ஏறத்தாழ 95 டாலரிலிருந்து 113 டாலருக்கே சென்றது. அதாவது, நூற்றுக்கு 20-ஐயும் எட்டவில்லை. டாலரில் நோக்கினால் இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்துள்ளன.

ஆயின் டாலர்க் கணக்கு, ஆடை வாங்கும் அயல்நாட்டு நிறுவனத்தின் கணக்கு. தைப்பவர் அரிசியும் எண்ணெயும் வாங்குவது டாக்காவில். 2023-இல் அங்கு விலைவாசி நூற்றுக்கு 9-க்கும் மேல் ஏறியிருந்தது. கம்போடியாவில் ஊதியம் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. வங்காளதேசத்திலோ 2013 முதல் 2023 வரை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் திருத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏறிய விலை, அசையாத குறைந்தபட்ச ஊதியத்தைத் தின்றுவிட்டது. 2023-இல் தொழிலாளர் 23,000 டாக்கா கேட்டுத் தெருவில் இறங்கியதையும், அப்போராட்டத்தில் உயிர்கள் பலியானதையும் இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆதலின் மூன்று சொற்களை வேறுபடுத்தி வழங்குமாறு நம் இதழாளரையும் ஆசிரியரையும் வேண்டுகிறோம். கையில் பெறும் தொகை பணவூதியம். அத்தொகை வாங்கவல்ல பொருளின் அளவு மெய்யூதியம். குடும்பம் மானத்தோடு வாழப் போதுமானது வாழ்வூதியம். சட்டம் வகுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை வாழ்வூதியம் என்று எழுதுவது பொருட்பிழை. அப்பிழையால், பசியோடிருப்பவரும் போதுமான அளவு பெற்றவராகப் படிப்போர்க்குத் தோன்றிவிடுவார்.

நம் கடைகளில் தொங்கும் சட்டைகளுள் பல அந்நாடுகளில் தைக்கப்பட்டவை. அவற்றைத் தைத்தவரைப் பற்றி எழுதும்போது, எந்த நாணயத்தில், எந்த ஆண்டில், எவ்வளவு வாங்கவல்ல ஊதியம் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.