மின் வேலைக்கு உரியவர் யார்?

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், பள்ளி ஆண்டு விழாவுக்காக மேடையில் புதிய விளக்கொன்று தேவைப்பட்டது. கைத்திறன் மிக்க மாணவன் ஒருவன் கம்பி இழுத்துச் சுவிட்சும் பொருத்தினான். விளக்கு எரிந்தது, அவனைப் பாராட்டினேன். மறுநாள் தகுதிச் சான்றிதழ் பெற்ற கம்பியாளர் ஒருவர் வந்து சோதித்தார். சுவிட்சு, ஃபேஸ் கம்பியில் இராமல் நியூட்ரல் கம்பியில் இருந்தது. ஆகவே, விளக்கை அணைத்த பின்பும் அதன் ஹோல்டரில் 230 வோல்ட் மின்சாரம் நின்றது. பல்பை மாற்றக் கை வைப்பவரின் கதி என்ன? குற்றம் சிறுவனுடையதன்று, அனுமதித்த என்னுடையது.

விளக்கு எரிவது, வேலை செம்மையாக முடிந்ததற்குச் சான்றாகாது. இதனாலன்றோ, 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்றிதழ் உடையவரின் நேர் மேற்பார்வையில், கட்டடங்களில் மின் வேலை செய்தல் வேண்டும் என வகுத்தன! 2010இலும் 2023இலும் வந்த ஒழுங்குமுறைகளும் அந்நெறியையே பேணுகின்றன. பல்பும் ஃபியூசும் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. புதிதாகக் கம்பி இழுப்பதற்கு இல்லை.

ஆர்வத்தை அடக்குமாறு நான் கூறவில்லை. முறையாகப் பயின்று, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுங்கள். அதன் பின்னர்க் கம்பியைத் தொடுங்கள்.