தோட்டத்து வீட்டில் குடியேறுவோருக்கு

(மல்லாங்கிணறு உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



பயிர்ச் சாகுபடி பற்றிப் பேசவே என்னை அழைத்தார்கள். ஆயினும் இன்று வீட்டைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன். ஊருக்குள் இடம் போதாமல் கிணற்றடியிலேயே வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நானும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்திற்கு அப்படிக் குடிபோனவன்தான். பால் காய்ச்சிய அன்று, செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதினேன். பதினேழு வந்தன. இன்று அதே தாளில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. கோரைக்கிழங்கு போல, ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு முளைக்கின்றன.

ஆகவே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. அதில் நான் தவறினேன். முன்வாசல் இரும்புக் கதவுக்கும் சுவர்ச் சாயத்திற்கும் பணத்தைப் போட்டேன். தார் ரோட்டிலிருந்து வீட்டிற்கு வரும் இரண்டு பர்லாங்கு வண்டிப்பாதையை, தை பிறந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வெட்டிய சீமைக்கருவேல விறகை, நனையாமல் இருக்கட்டும் என்று வீட்டுச் சுவரை ஒட்டியே அடுக்கினேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் இரவு 2 மணிக்கு, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த என் தாயார் வயிறு வலிக்கிறது என்று எழுந்தார்கள். கடிபட்ட தடம் எதுவும் தெரியவில்லை. அஜீரணம் என்று எண்ணி ஓம நீர் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் கண் இமைகள் தாமாகச் சொருகத் தொடங்கின. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வீக்கம் இராது; கடித்தது தூங்குபவருக்குத் தெரியாமலும் போகும். 108 வண்டி விரைவாகத்தான் வந்தது, ஆனால் தார் ரோட்டோடு நின்றுவிட்டது. கரிசல் சேற்றில் எந்தச் சக்கரம் உருளும்? கட்டிலோடு நான்கு பேர் தூக்கிச் சென்றோம். இரண்டு பர்லாங்கைக் கடக்க அரை மணி நேரம் ஆயிற்று. அரசு மருத்துவமனையில் நஞ்சுமுறிவு மருந்து ஏற்றி, இரண்டு நாள் செயற்கை மூச்சில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். இப்பொழுது நலமாக இருக்கிறார்கள். நான் விறகு அடுக்கிய இடத்தை, வீட்டிற்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டவும் செய்கிறார்கள்.

எனவே முதல் வேலை பாதை. நம் கரிசலில் களிப்பங்கு மிகுதி. நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவு வெடிக்கும். அதன்மேல் மெல்லியதாகச் சரளையைத் தூவினால் ஒரே மழையில் விழுங்கிவிடும். மேல் மண்ணை முக்கால் அடி ஆழத்திற்கு எடுத்துவிட்டு, கீழே உடைகல்லும் மேலே சரளையும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். முழு அகலத்திற்கும் வசதி இல்லையென்றால் இரண்டு சக்கரத் தடங்களுக்கு மட்டும் இட்டாலும் போதும். இரு பக்கமும் வாய்க்கால் எடுத்து நீரை வடித்துவிடுங்கள். ஆனி, ஆடியில் மண் காய்ந்திருக்கும்போதே இதை முடிக்க வேண்டும். மில்லுக்கும் பட்டாசு ஆலைக்கும் வேன் ஏறிப் போகிறவர்கள் போக, மீதி ஆட்களைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. ஆகையால் ஆளை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

விறகை வீட்டிலிருந்து 30 அடியாவது தள்ளி, தரையில் படாமல் கல் மேல் அடுக்குங்கள். தானிய மூட்டைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். படுக்கை கட்டிலில் இருக்கட்டும். கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிவிடுங்கள். கடித்துவிட்டால் கீறுவதோ, இறுகக் கட்டுவதோ, மந்திரிப்பதோ வேண்டாம்.

அடுத்தது கூரை நீர். ஊர்ப் பெயரிலேயே கிணறு இருந்தாலும் எல்லாக் கிணற்றிலும் குடிநீர் இருப்பதில்லை. நம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ.; அதில் பாதி அளவு வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 600 சதுர அடிக் கூரை என்பது சுமார் 56 சதுர மீட்டர். 400 மி.மீ. மழையில், சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போக, ஏறத்தாழ 18,000 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் என்றால், தை முதல் ஆனி வரை 4,500 லிட்டர் தேவை. ஆக 5,000 லிட்டர் தொட்டி ஒன்று போதும். மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாயை ஒரு குழியில் விட்டதோடு சரி. கரிசலில் நீர் எளிதில் கீழே இறங்காது. தொட்டியில் பிடிப்பதே இங்கு ஏற்றது என்பது என் கருத்து. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணலும் கரியும் சரளையும் நிரப்பிய வடிகட்டி வழியே விடுங்கள். தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் புகக் கூடாது. குடிக்கும் நீரைக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுவரடி. இனிமேல்தான் கட்டப் போகிறவர்கள், ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென வகுத்த, அடியில் குமிழ் போல் விரிந்த கான்கிரீட் தூண் அஸ்திவாரத்தைப் பற்றிப் பொறியாளரிடம் கேளுங்கள். கட்டி முடித்தவர்கள், சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்திற்கு வெளிப்புறம் சாய்ந்த தளம் போடுங்கள். ஒரு பக்கம் ஈரமும் மறு பக்கம் காய்ச்சலுமாக இருந்தால்தான் சுவர் பிளக்கிறது. எங்கள் வீட்டில் குளியல் நீர் விழுந்த மூலையில்தான் முதல் விரிசல் விட்டது. வேம்பும் புங்கமும் 40 அடி தள்ளியே இருக்கட்டும்.

பழமரங்களை ஆசைப்பட்டு முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உவர் நீர் என்றால் மாவும் எலுமிச்சையும் தாங்கா. தென்னை, சப்போட்டா, இலந்தை ஓரளவு தாங்கும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போகாது. மழைக்குப் பின் மண் பதமாக இருக்கும்போது அடிக்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். இவை தை மாதத்திற்கு மேல் செய்யத்தக்க வேலைகள். வேலி, தொழுவம், சாயம் எல்லாமே அதற்குப் பிறகுதான்.

கிணற்று நீர் மாதிரி கொண்டுவந்தவர்கள், பாட்டிலின் மேல் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதி மேசையில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். ஏற்கெனவே சுவர் வெடித்தவர்கள் சற்று இருங்கள், பேசுவோம்.